பேர் எழுதாத கசட்டுகள்

கிழக்கிலங்கையின் கல்முனைக்குடியில் ஒரு காலத்தில் கலியாண வீடு எந்த ஒழுங்கையில் என்று வழி கேட்கத் தேவையில்லை. தென்னையில் கட்டிய குழல் ஸ்பீக்கரே ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். பந்தலுக்குக் கிடுகு ஏறுமுன் ஸ்பீக்கர் ஏறும். ஸ்பீக்கர் ஏறினால் முதல் பாட்டு நாகூர் ஈ. எம். ஹனிபா. அது எங்கும் எழுதிவைக்காத சட்டம். அவர் குரலில் அல்லாஹ்வையும் ரசூலையும் நினைத்துவிட்டுத்தான் சினிமாப் பாட்டுக்குப் போவார்கள்.

அந்தக் குரல் இன்றும் ஊரில்தான் இருக்கிறது. போனில் இருக்கிறது, முச்சக்கர வண்டியில் இருக்கிறது, நோன்பு மாதத்தில் தேநீர்க் கடைப் பெட்டியிலும் இருக்கிறது. முன்பு ஊர் முழுவதற்கும் ஒருவரிடம் பத்து இசைத்தட்டு இருந்தால் பெரிய காரியம். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டைப்பைக்குள் அவர் பாடிய நூற்றுக்கணக்கான பாட்டுகள் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றை எழுதியவர் யார், எந்த ஆண்டில் பதிவானது, ஸ்டூடியோவில் பாடியதா கச்சேரி மேடையில் பாடியதா என்று கேட்டால் பிள்ளைக்கும் தெரியாது, பிள்ளையின் வாப்பாவுக்கும் தெரியாது. அன்று பாட்டு அரிது. ஆனால் அதற்கு ஒரு முகவரி இருந்தது. இன்று பாட்டு மலிந்துவிட்டது, முகவரி தொலைந்துவிட்டது.

ஹனிபா 1925 டிசம்பர் 25 இல் பிறந்தார், 2015 ஏப்ரல் 8 இல் சென்னையில் காலமானார். நூற்றாண்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு நாகூரில் ஒரு தெருவுக்கும் ஒரு பூங்காவுக்கும் அவர் பெயரைச் சூட்டியது. நல்ல காரியம். ஆனால் ஒரு பாடகருக்கு உண்மையான நினைவுச்சின்னம் அவருடைய ஒலிப்பதிவுகள்தான். அவற்றைத் தேடி எடுத்து, துடைத்து, ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றின் வரலாற்றையும் எழுதிச் சேர்த்து வெளியிடுவதைச் சேகரிப்பாளர் பதிப்பு என்பார்கள். அப்படி ஒன்றைச் செய்ய நினைப்பவர் நாகூரிலும் சென்னையிலும் மட்டும் தேடினால் போதாது. கல்முனைக்குடிக்கும் ஒருதரம் வந்துபோக வேண்டும். ஏன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கடலால் வந்த உறவு

நாகூர் இங்கே வெளியூர் இல்லை. கடற்கரைப் பள்ளி என்று ஊரார் சொல்லும் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நினைவாக ஒரு தர்கா இருக்கிறது. அவர்கள் அடங்கியிருப்பது நாகூரில். இங்கே இருப்பது நினைவிடம். ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் பிறையில் கொடி ஏறும், பன்னிரண்டு நாள் மவ்லிதும் கந்தூரியும் நடக்கும். இந்த வழக்கத்துக்கு ஏறத்தாழ இருநூறு வயது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் வீதியில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா உண்டு. பினாங்கில் ஒன்று உண்டு. மரக்கலம் ஏறிப் போனவர்கள் இறங்கிய கரைகளிலெல்லாம் நாகூரை ஒரு துண்டு நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்தக் கரைகளுக்கெல்லாம் பொதுவான குரலாக இருபதாம் நூற்றாண்டில் அமைந்தவர் ஹனிபா. நாகூரைப் பாடினால் இங்கே கடற்கரைப் பள்ளி மினாராவைப் பாடியதாகவே எடுத்துக்கொண்டார்கள். கடலையும் தோணியையும் புயலில் காத்த கராமத்தையும் பாடினால், கரைவலை இழுக்கிற ஆளுக்குத் தன் தொழிலைப் பாடியதாக இருந்தது. தமிழ்நாட்டில் அவருக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. திராவிட இயக்க மேடைகளின் பாடகர், அண்ணாவுக்கும் கருணாநிதிக்கும் நெருக்கமானவர், தி.மு.க. கூட்டம் தொடங்குமுன் அவர் பாட்டு ஒலிக்க வேண்டும். ‘குலேபகாவலி’ (1955), ‘பாவ மன்னிப்பு’ (1961), இளையராஜா இசையில் ‘செம்பருத்தி’ (1992) முதலிய படங்களிலும் பாடினார். கல்முனைக்குடிக்கு அந்தப் பாதியெல்லாம் பெரிதாக எட்டவில்லை. இங்கே வந்தது பள்ளிவாசல் பாதிதான். அந்தப் பாதியை ஊர் விடாமல் பிடித்துக்கொண்டது.

தட்டும் வானொலியும்

தட்டுக் காலத்தில் பாட்டை வீட்டில் வைத்திருப்பது வசதியானவர்களின் காரியம். மற்ற எல்லோருக்கும் பாட்டு ஸ்பீக்கர் கடைக்காரரின் சொத்து. அவரிடம் கைப்பிடி போட்ட ரெக்கோட் பெட்டி, ஆம்பிளிபயர், இரண்டு குழல், கார் பெற்றரி. மின்சாரம் எட்டாத ஒழுங்கையிலும் கலியாணம் நடக்கத்தானே செய்யும்! அரக்குத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும்; பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துச் சொச்சம் ஓடும். இரும்பு ஊசி சீக்கிரம் தேயும். பக்கத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். மாற்றாத ஆளின் தட்டு சீக்கிரம் கரகரக்கும். நல்ல ஸ்பீக்கர்காரரை ஊசிச் செலவு பார்க்காதவர் என்று சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள்.

மூன்று நிமிஷம் என்ற அளவு பாட்டின் உடலையே தீர்மானித்தது. கச்சேரியில் தாளமில்லாமல் நீட்டி இழுத்து வரும் தொகையறாவைத் தட்டில் இரண்டு அடியாகச் சுருக்க வேண்டும். சரணத்தில் ஒன்றை வெட்ட வேண்டும். ஹனிபாவின் பலமே மேல்ஸ்தாயியில் நின்று நிலைப்பது. ஒலிவாங்கி இல்லாமலே கடைசி ஆள்வரை கேட்கும் குரல் என்று அவரைப் பற்றிச் சொல்லாதவர் இல்லை. அந்தக் குரல் தட்டில் ஒரு சின்ன அறைக்குள் நின்று பாடியதுபோல் அடக்கமாகப் பதிவாகியிருக்கும். ஸ்டூடியோ ஹனிபா ஒருவர், மேடை ஹனிபா இன்னொருவர். இரண்டையும் கேட்டால்தான் ஆள் முழுசாகத் தெரியும்.

தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத் தாளைக் கவனிக்க வேண்டும். நாய் படம் போட்ட எச்.எம்.வி. தட்டாக இருந்தால் பாடியவர் பெயர், பாட்டின் முதல் சொற்கள், தட்டு எண் எல்லாம் அதில் இருக்கும். தாளுக்கு வெளியே பள்ளம் முடியும் இடத்தில் வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தால், கீறி எழுதிய இன்னோர் எண் தெரியும். அது தட்டு வார்த்த அச்சின் எண். ஒரே பாட்டை இரண்டு தரம் பாடிப் பதிந்திருந்தால் அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும். கொல்கத்தா டம் டம் தொழிற்சாலையில் 1928 முதல் அச்சான தட்டுகளை ஆராய்கிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் வைத்துத்தான் காலக்கணக்குப் போடுகிறார்கள். ஊர் ஸ்பீக்கர்காரருக்கு இந்த ஆராய்ச்சி தெரியாது. ஆனால் தட்டை உறையிலிருந்து எடுத்ததும் தாளை ஒருதரம் வாசித்துவிட்டுத்தான் வைப்பார். வாசித்தது மனதில் நின்றது.

வானொலி அதையே ஊருக்கெல்லாம் செய்தது. இலங்கை வானொலி 1967 இல் கூட்டுத்தாபனமாவதற்கு முன்பிருந்தே, ‘ரேடியோ சிலோன்’ காலத்திலேயே, இஸ்லாமியப் பாட்டுக்குக் காதுகள் காத்திருந்தன. முஸ்லிம் சேவையின் நேரம் வந்தால் வீட்டில் சத்தம் குறையும். நோன்பில் சஹர் நிகழ்ச்சிக்கு எழுந்து அடுப்பு மூட்டும் உம்மாமாருக்கு அந்தப் பாட்டுகள்தான் மணிக்கூடு. அறிவிப்பாளர் பாடியவர் பெயரோடு இயற்றியவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுண்டு. நாகூர் புலவர் ஆபிதீன், நாகூர் சலீம், ஆர். அப்துல் சலாம் என்ற பெயர்களெல்லாம் இந்தக் கரையில் அப்படித்தான் பழகின. மதம் கடந்து எல்லோரும் அறிந்த ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டின் ஆசிரியர் ஆர். அப்துல் சலாம். அதை ஹனிபாவே எழுதியதாக நினைக்கிற பிள்ளைகள் இன்று ஏராளம். கேட்கும் காதுக்குப் பெயரைச் சொல்ல ஆளில்லாமல் போனதுதான் காரணம்.

கசட் காலத்தின் கொழிப்பு

1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. அதோடு வளைகுடாப் பயணமும் வந்தது. சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்து இறங்கியவர்களின் பெட்டியில் போர்வை, வாசனைத் தைலம், பக்கத்திலேயே ஒரு டூ இன் வன். வானொலியும் கசட்டும் ஒரே உடம்பில். கல்முனைக்குடியில் பாட்டு ஸ்பீக்கர்காரரின் கையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தது அன்றுதான்.

பிரதான வீதியில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் முளைத்தன. வெறும் கசட்டைக் கொடுத்து, தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷக் கசட், தொண்ணூறு நிமிஷக் கசட். கடைக்காரர் அழகான கையெழுத்தில் அட்டையில் வரிசையாக எழுதுவார்: முதல் பக்கம் ஹனிபா, மறுபக்கம் காயல் ஷேக் முகம்மது, இசைமணி யூசுப். அந்தக் கையெழுத்துதான் கடையின் முத்திரை. “காக்கா, எங்கட வீட்டுக் கலியாணத்துக்கு ஹனிபாட பாட்டாப் பாத்து ஒரு பக்கம் அடிச்சுத் தாங்களன்” என்றால், எது முதலில் வர வேண்டும், பெண் வீட்டார் வந்து இறங்கும்போது எது வேண்டும் என்றெல்லாம் அவரே யோசித்து வைப்பார்.

ஸ்டூடியோப் பாட்டுகள் கம்பெனிக் கசட்டாகவே வந்தன. கச்சேரிப் பதிவுகள் வந்த வழி வேறு. ஹனிபா தமிழ்நாட்டின் ஊர்களிலும் மலேசியா, சிங்கப்பூர், இலங்கை மேடைகளிலும் பாடியவர். மேடைக்கு முன்னால் யாரோ ஒருவர் டூ இன் வன்னைத் தூக்கி வைத்துப் பதிந்திருப்பார். அதன் பிரதி ரியாத்திலோ துபாயிலோ ஒரே அறையில் தங்கியிருந்த தமிழ்நாட்டுக்காரரிடமிருந்து நம்மூர்க்காரருக்குக் கிடைக்கும். அவர் லீவில் வரும்போது ஊருக்கு வரும். ஊரில் பத்து வீட்டுக்குப் பிரதியாகும். கம்பெனியின் கணக்கில் வராத ஒரு வலை அது.

அந்தப் பதிவுகளில் பாட்டு மட்டும் இருக்காது. ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம், பிள்ளை அழும் சத்தம், தபேலாவின் சுதி ஏற்றும் சத்தம், துண்டுச் சீட்டில் வந்த நேயர் விருப்பம், ஒரு அடியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் கூட்டம் எல்லாம் இருக்கும். மூன்று நிமிஷப் பாட்டு பத்து நிமிஷமாக விரியும். தட்டில் வெட்டிய சரணம் மேடையில் உயிரோடு திரும்பும்.

இதைவிட அருமையான ஒன்றும் ஊர்க் கசட்டுகளில் உண்டு. கொடியேற்ற நாட்களில் கடற்கரையில் கச்சான் கடையும் விளையாட்டுச் சாமான் கடையும் நிரம்பிக் கிடக்கும். இந்தப் பக்கம் பக்கீர்மார் றபான் தட்டிப் பைத் பாடுவார்கள். அந்தப் பக்கம் உள்ளூர்ப் பாடகர்கள் ஹனிபாவின் மெட்டில் சொந்தப் பாட்டுக் கட்டிப் பாடுவார்கள். நார்சா உணவுக்கு வரிசையில் நிற்கிற ஆளும் அடியை எடுத்துக் கொடுப்பார். இதையும் யாராவது பதிந்து வைத்திருப்பார்கள். ஒரு பாடகர் ஒரு கடற்கரையை எப்படி ஆண்டார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கழன்று போனவை

1990க்குப் பிறகு போரால் கிழக்கில் இரவு நீளமாகிவிட்டது. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் இருக்கும்போது விடிய விடியக் கச்சேரி ஏது!

அதே காலத்தில் மார்க்கத்தைப் பற்றிய பேச்சும் மாறியது. கந்தூரி ஆகுமா, தர்காவில் கொடி ஏற்றலாமா, இசைக்கருவியோடு பாடுவது கூடுமா என்ற கேள்விகள் மிம்பரிலும் வீட்டுத் திண்ணையிலும் எழுந்தன. சீர்திருத்தம் பேசியவர்கள் மனப்பூர்வமாகத்தான் பேசினார்கள். ஒரே வீட்டுக்குள் வாப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் என்று நின்றதும் உண்டு. கடற்கரைப் பள்ளியில் கொடி இன்றும் ஆண்டுதோறும் ஏறுகிறது, கூட்டமும் வருகிறது. ஆனால் கலியாண வீட்டின் முதல் பாட்டு என்ற அந்தப் பழைய சட்டம் தளர்ந்துவிட்டது. சில வீடுகளில் கசட் பெட்டி பரணுக்குப் போனது. சில வீடுகளில் அதே கசட்டில் பாட்டை அழித்துப் பயான் பதிந்தார்கள். கசட்டின் அட்டையில் ஹனிபா என்று இருக்கும். ஓட விட்டால் மௌலவி பேசுவார்.

பரணில் இருந்ததையும் கடல் விடவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைச் சுனாமி கொண்டுபோனது. இலங்கையில் வேறெந்த மாவட்டத்துக்கும் அவ்வளவு இழப்பு இல்லை. அதில் பெரும்பங்கு மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று தொடரும் இந்தக் கரையோர வீடுகளில் நடந்தது. ஆளையே தேடிக்கொண்டிருந்த நாட்களில் கசட்டை யார் தேடுவார்? கடற்கரை ஒழுங்கைகளில் இருந்த தட்டும் நாடாவும் படமும் கலியாண வீடியோவும் ஒரே நாளில் போயின. மிஞ்சியவை பிரதான வீதிக்கு மேற்கே இருந்த வீடுகளில் இருந்தவைதான்.

இன்று

இறுவட்டு வந்தது, ஒரே தட்டில் நூறு பாட்டு அடங்கும் எம்.பி.3 வந்தது, பென் ட்ரைவ் வந்தது, யூடியூப் வந்தது. ஒவ்வொரு படி ஏறும்போதும் பாட்டின் எண்ணிக்கை கூடியது, பாட்டைப் பற்றிய செய்தி குறைந்தது. தட்டில் ஒட்டிய தாள் இருந்தது. கசட்டில் கடைக்காரரின் கையெழுத்து இருந்தது. எம்.பி.3 இல் ‘டிராக் 07’ என்று இருந்தது. யூடியூபில் பச்சை மினாராப் படத்தின் மேல் ‘ஹனிபா சூப்பர் ஹிட்ஸ்’ என்று இருக்கிறது. அதற்குள் வேறொருவர் பாடிய பாட்டும் கிடக்கும். காயல் ஷேக் முகம்மதுவின் பாட்டை ஹனிபா பாட்டென்று பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அது அநியாயம்.

வேகமும் தப்பு. கசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பெற்றரி இறங்கிய டூ இன் வன்னில் பதிந்தது பிறகு சரியான கருவியில் ஓடினால் குரல் கீச்சிடும். வார் தளர்ந்த கருவியில் ஓட்டினால் குரல் தடித்துத் தூங்கும். பிரதிக்குப் பிரதி இந்தப் பிழை கூடும். இப்போது இளம்பிள்ளைகள் கேட்கும் சில பதிவுகளில் ஹனிபா தன் சுதியைவிட மேலே ஏறி, யாரோ துரத்துவதுபோல் ஓடிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு அந்தக் குரலின் கம்பீரத்தைப் பற்றிச் சொன்னால் பிள்ளை நம்புமா?

இன்றைய பிள்ளைகள் இசையை விட்டுவிடவில்லை. நஷீத் கேட்கிறார்கள். சுவீடனில் வளர்ந்த மாஹிர் ஸெய்னின் பாட்டு இந்தத் தெருவிலும் ஒலிக்கிறது. அவருடைய பதிவு நிறுவனம் ஒரே பாட்டை இசைக்கருவியோடு ஒன்றும், குரல் மட்டும் கொண்டு ஒன்றுமாக வெளியிடுகிறது. யாருடைய மனச்சாட்சிக்கு எது ஒத்துவருமோ அதைக் கேட்கலாம். எல்லாவற்றிலும் பெயர், ஆண்டு, எழுதியவர் என்று விவரம் தெளிவாக இருக்கிறது. புதிய பாட்டுக்கு இருக்கும் மரியாதை பழைய பாட்டுக்கு இல்லை என்பதுதான் குறை.

மற்றவர்கள் செய்த விதம்

எகிப்தின் உம்மு குல்தூம் 1930களிலிருந்து மாதத்தின் முதல் வியாழன் இரவில் மேடையில் பாடுவார்; கெய்ரோ வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பும். ஒரு பாட்டு ஒரு மணித்தியாலமும் போகும். 1975 இல் அவர் காலமான பிறகும் அந்தக் கச்சேரிகள் கசட்டாக, இறுவட்டாகத் திரும்பத் திரும்ப வெளிவருகின்றன. அரபு ரசிகர் ஒரு பாட்டைக் கேட்டதும், இது எந்த அரங்கில், எந்த ஆண்டில் பாடியது என்று வாதாடுவார். ஸ்டூடியோப் பதிவு ஒரு பக்கம், கச்சேரி ஒரு பக்கம் என்று இரண்டையும் வைத்து ரசிக்கும் பழக்கம் அங்கே ஊறிப்போயிருக்கிறது.

கவ்வாலி உலகில் நுஸ்ரத் பதே அலி கானுக்கு நடந்ததும் இதே. அவர் 1997 இல் மறைந்தார். 1985 இல் இங்கிலாந்தின் வோமாட் விழாவில் பாடிய கச்சேரி 2019 இல் தனித் தொகுப்பாக வந்தது. 1990 இல் ரியல் வேர்ல்ட் ஸ்டூடியோவில் பாடிய நான்கு கவ்வாலிகளின் நாடா, கிடங்கில் மறந்து கிடந்து, 2024 இல் ‘செயின் ஒப் லைட்’ என்ற பெயரில் வெளியானது. கிடங்கு ஒழுங்காக இருந்ததால், நாடாப் பெட்டியின் மேல் திகதி எழுதியிருந்ததால், அது சாத்தியமானது.

ஹனிபாவுக்கும் கிடங்கு உண்டு. அவர் பாடிய எச்.எம்.வி. தட்டுகளின் உரிமை அந்த நிறுவனம் 2000 இல் பெயர் மாறிய ‘சரிகம’விடம் இருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. ஆகவே அந்தக் காலம் கடந்த பழைய தட்டுகளின் பதிவுரிமை முடிந்துவிட்டது. பாட்டு எழுதியவரின் உரிமை அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு நீடிக்கும். அதாவது பதிப்பு போடுகிறவர் கவிஞர்களின் குடும்பங்களைத் தேடிப் போயே ஆக வேண்டும். அதுவும் நல்லதற்கே. அந்த வழியாகத்தான் மறந்துபோன பெயர்கள் மீண்டும் அட்டைக்கு வரும்.

ஆனால் கச்சேரி ஹனிபா எந்தக் கம்பெனியின் கிடங்கிலும் முழுதாக இல்லை. அவர் இருப்பது வீடுகளில். அந்த வீடுகளில் ஒரு பகுதி கல்முனைக்குடியில் இருக்கிறது. சேகரிப்பாளர் இங்கே வர வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

ஒரு கசட்டைக் காப்பாற்றுவது எப்படி

முதலில், கிடைத்த கசட்டை ஆவலில் உடனே ஓட விடக் கூடாது. உப்புக் காற்றில் இருபது முப்பது வருஷம் கிடந்த கசட்டில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் தகடு கழன்றிருக்கும். நாடா ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படிந்திருக்கும். பூஞ்சணம் உள்ள கசட்டை ஓட்டினால் கருவியும் கெடும், அடுத்த கசட்டும் கெடும். திருகாணி உள்ள கசட்டென்றால் கழற்றி, நாடாச் சுருளை அப்படியே தூக்கிப் புதிய கூட்டுக்குள் வைக்கலாம். ஒட்டிச் சீல் வைத்த கசட்டென்றால் ஓரத்தைப் பொறுமையாகப் பிளக்க வேண்டும். பிறகு பென்சிலைப் பல்லுக்குள் விட்டு மெதுவாக முழுச் சுற்று முன்னும் பின்னும் சுற்றி, இறுக்கத்தைச் சமப்படுத்த வேண்டும்.

அடுத்தது தலை. கருவியில் நாடாவைப் படிக்கும் தலையை ஐசோபுரொப்பைல் மதுசாரம் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, அதன் பக்கத்துத் திருகாணியை மயிரளவு திருப்பித் திருப்பி, மந்தமாகக் கேட்கும் சத்தம் பளிச்சென்று திறக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்தப் பதிவைச் செய்த டூ இன் வன்னின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அந்தச் சாய்வை நாம் பிடிக்கிறோம். இதைச் செய்யாமல் கணினியில் எவ்வளவு மெருகூட்டினாலும் போன சத்தம் வராது.

பிறகு வேகம். இதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. மேடைப் பதிவு அநேகமாக எல்லாவற்றிலும் பாட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய இரைச்சல் ஓடும். ஸ்பீக்கர் செட்டின் மின்சார இரைச்சல். இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் நொடிக்கு 50 தரம் அலைவது. கணினியில் அந்த இரைச்சலை அளந்து பார்த்தால், 52 என்று காட்டினால் கசட் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். பாட்டு கால் கட்டைக்கும் மேல் ஏறிவிட்டது. இரைச்சலை 50க்கு இறக்கினால் ஹனிபா தன் சொந்தச் சுதிக்கு வந்து நிற்பார். எரிச்சலூட்டுகிறது என்று முதலில் வடிகட்டி எறிய நினைக்கும் சத்தமே குரலுக்கு அளவுகோலாகிறது. ஆகவே மூலப் பதிவில் எதையும் வடிகட்டக் கூடாது. சுருக்காத வேவ் கோப்பாக, 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஒரு பிரதி எடுத்து, அதைத் தொடாமல் வைத்துவிட்டு, மெருகூட்டுவதை இன்னொரு பிரதியில் செய்ய வேண்டும்.

தட்டாக இருந்தால் ஊசியில் கவனம். பிற்கால எல்.பி. தட்டின் ஊசி அரக்குத் தட்டின் அகலப் பள்ளத்துக்கு மெல்லியது. பள்ளத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டு ஓடும். அரக்குத் தட்டுக்கென்று ஏறத்தாழ மூன்று மடங்கு தடித்த ஊசி உண்டு. அதைப் போட்டதும் பாதிக் கரகரப்பு தானாகக் குறையும்.

இதில் பெரிய செலவு ஒன்றுமில்லை. ஒரு நல்ல கசட் டெக், ஒரு கணினி, பொறுமையுள்ள ஒரு ஆள். மிஞ்சியது எழுத்து வேலை. யாருடைய வீட்டில் கிடைத்தது, எங்கே பதிந்ததாகச் சொல்கிறார்கள், கூடத் தபேலா வாசித்தது யார், அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, எழுதிய கடை எது என்று குறித்துவைக்க வேண்டும். பதில் சொல்லக்கூடியவர்கள் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். கசட்டைவிட அவர்கள்தான் அவசரம்.

வைக்க இடமும் இருக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் அச்சு ஆவணங்களைக் காத்துவருவதோடு, ‘ஆவணகம்’ என்ற பெயரில் ஒலி, ஒளி, படம் ஆகியவற்றையும் சேர்க்கிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இசைத்தட்டுத் தொகுதியே உண்டு. பள்ளிவாசலுக்கோ பொது நூலகத்துக்கோ ஒரு பிரதி, வெளியே ஒரு பிரதி என்று இரண்டு இடத்தில் இருப்பது நல்லது. ஒரே கரையில் எல்லாவற்றையும் வைத்தால் என்ன நடக்கும் என்பதை 2004 இல் பார்த்துவிட்டோம்.

கந்தூரி கூடாது என்று நினைக்கிறவருக்கும் இந்த வேலையில் பங்குண்டு. பாட்டைக் கேட்பதும் கேட்காததும் அவரவர் விருப்பம். ஆனால் இந்த ஊர் ஐம்பது வருஷம் எதைக் கேட்டு அழுதது, எதைப் போட்டுக் கலியாணம் முடித்தது என்பது வரலாறு. பிடிக்காத வரலாற்றையும் பாதுகாத்துவைத்தால்தான் அதைப்பற்றி நாளைக்கு விவாதிக்கவாவது முடியும்.

அப்படி ஒரு பதிப்பு வந்தால், அதில் ஒரே பாட்டு மூன்று விதமாக அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பது என் ஆசை: எச்.எம்.வி. தட்டில் மூன்று நிமிஷம். தமிழ்நாட்டு மேடையொன்றில் பத்து நிமிஷம். கல்முனைக்குடிக் கடற்கரையில் உள்ளூர்ப் பாடகர் ஒருவர் றபானோடு அதே மெட்டில் பாடியது. மூன்றுக்கும் கீழே எழுதியவர், பாடியவர், பதிந்தவர் பெயர்கள். முதலாவதைக் கம்பெனி தரும். இரண்டாவதையும் மூன்றாவதையும் நம் வீட்டு அலுமாரிகள்தான் தர வேண்டும்.

அலுமாரியைத் திறக்கிறவர்கள் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கசட்டின் முதுகுப் பக்கத்தில் இரண்டு மூலையிலும் சிறு பிளாஸ்டிக் பல் இருக்கும். அந்த இரண்டையும் உடைத்துவிடுங்கள். பிறகு யார் கை தவறிப் பதிவுப் பொத்தானை அமத்தினாலும் பாட்டு அழியாது. உடைத்ததும் ஒரு பேனை எடுத்து, உள்ளே யார் பாடுகிறார் என்று அட்டையில் எழுதிவிடுங்கள்.